அரிக்கும் வேதிப்பொருள்களைத் தாங்கி ஊர்திகளிலிருந்து இறக்குதல்

அரிக்கும் வேதிப்பொருள்களை இறக்குதல் என்பது கந்தக அமிலம், ஐதரோகுளோரிக் அமிலம், எரிசோடாக் கரைசல், சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசல் போன்ற நீர்மங்களைத் தாங்கி ஊர்தியிலிருந்து ஆலையின் சேமிப்புத் தொட்டிக்கு நெகிழ்குழாய் மூலம் மாற்றும் பணியைக் குறிக்கும். இவ்வூர்திகள் தமிழ்நாட்டில் டேங்கர் லாரி எனவும் இலங்கையில் பவுசர் எனவும் வழங்கப்படுகின்றன. வேதித் தொழிற்சாலைகள் மட்டுமன்றி, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், அனல்மின் நிலையங்கள், சாய ஆலைகள், காகித ஆலைகள், உணவுப்பொருள் ஆலைகள் ஆகியவற்றிலும் இப்பணி நடைபெறுகின்றது.

இப்பணியில் குழாய் வெடித்தல், தொட்டி நிரம்பி வழிதல், தெறித்தல் ஆகிய இடர்கள் உள்ளன. எனினும் மிகப் பெரிய பாதிப்பை ஏற்படுத்திய நேர்ச்சிகளுள் சில, எதுவும் உடையாமலும் ஒழுகாமலும், சரியான பொருள் தவறான தொட்டிக்குள் சென்றதால் நிகழ்ந்தவை. ஊர்தி ஓட்டுநர் ஒரு நிறுவனத்தையும், தொட்டியைப் பொறுப்பேற்றிருக்கும் பணியாளர் வேறொரு நிறுவனத்தையும் சேர்ந்தவர்களாக இருப்பது வழக்கம். ஓட்டுநருக்குத் தாம் கொண்டுவந்த பொருள் தெரியும். ஆலையின் குழாய்கள் தெரியா. பணியாளருக்குக் குழாய்கள் தெரியும், ஊர்தி தெரியாது. எனவே பொறுப்பு கைமாறும் அந்தச் சில நிமிடங்களே இப்பணியின் கடினமான பகுதியாகும்.

பொருள்களின் இயல்பு

உயிர்த் திசுக்களையும் உலோகங்களையும் அரிக்கும் பொருள்கள் ஐக்கிய நாடுகள் அவையின் ஆபத்தான சரக்குகள் வகைப்பாட்டில் 8 ஆம் வகுப்பில் அடங்குகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 51 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கந்தக அமிலத்திற்கு 1830, ஐதரோகுளோரிக் அமிலத்திற்கு 1789, எரிசோடாக் கரைசலுக்கு 1824, ஐப்போகுளோரைட்டுக் கரைசலுக்கு 1791 ஆகியவை அவ்வெண்களாகும். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன்படி, ஆபத்தான சரக்குகளை ஏற்றிச் செல்லும் ஊர்தியில் பொருளின் சரியான பெயர், இவ்வெண், வகுப்புக் குறி, அவசரத் தொலைபேசி எண் ஆகியவை அடங்கிய தகவல் பலகை இருத்தல் வேண்டும். ஊர்தியில் என்ன உள்ளது என்பதை இப்பலகை கூறும். இறக்கும் இடத்தில் எந்தக் குழாய் எந்தத் தொட்டிக்குச் செல்கின்றது என்பதைக் கூற அதனால் இயலாது.

ஒரே வகுப்பைச் சேர்ந்தவையாயினும் இப்பொருள்களின் நடத்தை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றது. செறிந்த கந்தக அமிலத்தைச் சாதாரண எஃகுத் தொட்டியில் வைக்கலாம். எஃகின் மேற்பரப்பில் உருவாகும் இரும்புச் சல்பேட்டுப் படலம் மேலும் அரிப்பு நிகழாமல் காக்கின்றது. அதே அமிலம் நீர் கலந்து நீர்த்துவிட்டால் எஃகை விரைவாக அரித்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வளிமத்தை வெளியிடும். ஐதரோகுளோரிக் அமிலம் துருப்பிடிக்கா எஃகையும் அரிக்கும் என்பதால், உட்புறம் ரப்பர் பூசிய எஃகுத் தொட்டிகளோ கண்ணாடியிழை வலுவூட்டிய நெகிழித் தொட்டிகளோ அதற்குப் பயன்படுகின்றன. எரிசோடா அலுமினியத்தை அரித்து ஐதரசனை வெளியிடும். ஆகவே வேறு பல நீர்மங்களுக்குப் பயன்படும் அலுமினிய இணைப்பிகளை எரிசோடாவுக்குப் பயன்படுத்தலாகாது. 50 விழுக்காட்டு எரிசோடாக் கரைசல் ஏறத்தாழ 12 பாகை செல்சியசில் படிகமாகத் தொடங்குவதால், குளிர் நாடுகளில் குழாய்களைச் சூடாக வைத்திருக்க வேண்டியுள்ளது. ஐப்போகுளோரைட்டு தானாகவே மெல்லச் சிதைவது. நிக்கல், செம்பு போன்ற உலோகங்களின் சிறு அளவு கலந்தாலும் சிதைவு விரைவடைந்து ஆக்சிசன் வெளிப்படும்.

அனைத்திலும் முக்கியமானது, ஐப்போகுளோரைட்டுடன் எந்த அமிலம் கலந்தாலும் குளோரின் வளிமம் வெளிப்படும் என்பதாகும். குளியலறைகளில் வெளுப்பானையும் அமிலக் கழுவியையும் ஒன்றாக ஊற்றக்கூடாது என்று எச்சரிப்பதற்கும் இதுவே காரணம். ஆலையில் கலப்பது ஒரு குவளை அன்று, ஒரு லாரி என்பதே வேறுபாடு.

இறக்குவதற்கு முன்

ஊர்தியைச் சமதளத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது முதற்படியாகும். குழாய் இணைந்திருக்கும்போதே ஊர்தி புறப்பட்டுவிடுவதைத் தவிர்க்க, பல ஆலைகளில் ஊர்தியின் சாவியை வாங்கி வைத்துக்கொள்கின்றனர்.

அடுத்து, வந்திருக்கும் பொருளை ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். மாதிரி எடுத்து நீர்மமானியால் ஒப்படர்த்தி காண்பது எளிய சோதனையாகும். 98 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தின் ஒப்படர்த்தி 1.84, 50 விழுக்காட்டு எரிசோடாவினது ஏறத்தாழ 1.53, 33 விழுக்காட்டு ஐதரோகுளோரிக் அமிலத்தினது ஏறத்தாழ 1.16. இவை ஒன்றோடொன்று குழம்ப இயலாத எண்கள். மாதிரி எடுக்கும்போதும் முழுப் பாதுகாப்பு உடை தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; ஆயினும் இது மறக்கப்படுவதுண்டு.

தொட்டியில் போதிய இடம் உள்ளதா என்று கணக்கிடுவதில் ஒரு சிக்கல் உள்ளது. பொருள் டன் கணக்கில் வாங்கப்படுகின்றது. தொட்டியின் அளவுகோலோ பெரும்பாலும் கொள்ளளவையோ உயரத்தையோ காட்டுகின்றது. 20 டன் செறிந்த கந்தக அமிலம் ஏறத்தாழ 10,900 லிட்டர் இடத்தையே எடுத்துக்கொள்ளும். அதே 20 டன் ஐதரோகுளோரிக் அமிலத்திற்கு ஏறத்தாழ 17,200 லிட்டர் தேவை. ஒரு பொருளுக்குப் பழகிய கணக்கை மற்றொன்றுக்கு அப்படியே பயன்படுத்தினால் தொட்டி வழியும். வழிந்ததைத் தாங்குவதற்காகத் தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டப்படுகின்றது. மிகப் பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்கும்படி அதை அமைப்பது பரவலான வழக்கம். அமிலத் தொட்டியையும் ஐப்போகுளோரைட்டுத் தொட்டியையும் ஒரே தடுப்புச் சுவருக்குள் வைத்தால், வழிந்தவை அங்கேயே கலந்துவிடும். எனவே அவற்றுக்குத் தனித்தனிச் சுவர் வேண்டும்.

இறக்கும் முறைகள்

நீர்மத்தை மூன்று வழிகளில் இறக்கலாம். தொட்டி தாழ்வாக இருந்தால் புவியீர்ப்பே போதுமானது. இல்லையெனில் எக்கி மூலம் ஏற்றலாம், அல்லது ஊர்தித் தாங்கிக்குள் அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி நீர்மத்தை வெளித்தள்ளலாம்.

காற்றழுத்த முறையில் எக்கி தேவையில்லை; ஊர்தியின் அடியில் திறப்பு இல்லாமல் மேற்புறக் குழாய் வழியாகவே இறக்க முடியும். ஆனால் தாங்கி முழுவதும் அழுத்தத்தில் இருப்பதால் குழாயில் ஒரு சிறு பிளவு ஏற்பட்டாலும் நீர்மம் பீய்ச்சியடிக்கும். நீர்மம் தீரும் தறுவாயில் மற்றோர் இடர் உண்டு. அதுவரை நீர்மத்தால் தடுக்கப்பட்டிருந்த காற்று ஒரேயடியாகக் குழாய் வழியே சேமிப்புத் தொட்டிக்குள் பாயும். வளிமண்டல அழுத்தத்திற்கு மட்டுமே வடிவமைக்கப்பட்ட நெகிழித் தொட்டியின் புகைபோக்கி சிறிதாகவோ அடைபட்டோ இருந்தால் தொட்டியின் கூரை பிளக்கக்கூடும். ஆகவே முடிவு நெருங்கும்போது அழுத்தத்தைக் குறைப்பதும், ஓட்டுநர் வால்வின் அருகிலேயே நிற்பதும் அவசியம்.

நெகிழ்குழாய்

ஹோஸ் எனப்படும் நெகிழ்குழாய் பொருளுக்கு ஏற்ற மூலப்பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். வெளித்தோற்றத்தைக் கொண்டு இதை அறிய இயலாது. ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள ஃபெஸ்டசு நகரில் 2002 ஆகத்து 14 அன்று, தொடருந்துத் தாங்கியிலிருந்து நீர்ம குளோரினை இறக்கிக்கொண்டிருந்த குழாய் வெடித்து, ஏறத்தாழ 48,000 பவுண்டு (22 டன்) குளோரின் வெளியேறியது. குழாயின் வெளிப்பின்னல் ஆசுட்டெல்லாய் என்னும் நிக்கல் கலப்புலோகத்தால் ஆனது என்று குறிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அது துருப்பிடிக்கா எஃகால் ஆனது. பயன்பாட்டுக்கு வந்து இரண்டு மாதங்களுக்குள் அரிக்கப்பட்டுவிட்டது. இரண்டு உலோகங்களும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். நீர்ம குளோரின் வளிமங்களின் வகுப்பைச் சேர்ந்ததாயினும் இந்நேர்ச்சி தரும் செய்தி எல்லா அரிக்கும் பொருள்களுக்கும் பொருந்தும்.

தவறான தொட்டி

லோவர்மூர், 1988

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள லோவர்மூர் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு 1988 சூலை 6 அன்று 20 டன் அலுமினியம் சல்பேட்டுக் கரைசலை ஒரு தாங்கி ஊர்தி கொண்டுவந்தது. கலங்கல் நீரைத் தெளியவைக்கப் பயன்படும் இக்கரைசல் அமிலத்தன்மை உடையது. வழக்கமான ஓட்டுநருக்குப் பதிலாக அன்று வந்தவருக்கு அந்நிலையம் புதியது. நிலையத்தில் பணியாளர் எவரும் இல்லை. அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த சாவி, இறக்க வேண்டிய தொட்டியின் பூட்டுக்கு மட்டுமன்றி வேறு பூட்டுகளுக்கும் பொருந்தியது. ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்டு மக்களுக்கு அனுப்பப்படவிருந்த நீர் இருந்த தொட்டியில் அவர் கரைசலை இறக்கிவிட்டுச் சென்றார்.

கேமல்ஃபோர்டு ஊரும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும், ஏறத்தாழ 20,000 பேர், அந்நீரைப் பெற்றுவந்தனர். அமிலத்தன்மை கொண்ட நீர் வீட்டுக் குழாய்களிலிருந்த செம்பையும் ஈயத்தையும் கரைத்தது. வாய்ப்புண், தோல் எரிச்சல், வயிற்றுப்போக்கு எனப் புகார்கள் வந்தன. சிலரது தலைமுடி பச்சை நிறமாக மாறியது. நீர் குடிப்பதற்குப் பாதுகாப்பானது என்றே மக்களுக்குக் கூறப்பட்டது. உண்மையான காரணம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது சூலை 22 அன்று, அதாவது 16 நாட்கள் கழித்து, ஓர் உள்ளூர் நாளிதழில். குழாய்களைக் கழுவி ஆறுகளில் விட்ட நீரால் பல்லாயிரக்கணக்கான மீன்கள் இறந்தன. நீர் நிறுவனத்திற்கு 1991 இல் 10,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. நீண்டகால உடல்நலப் பாதிப்புப் பற்றிய விவாதம் அதன் பின்னரும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2013 இல் பிரித்தானிய அரசு மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

ஓட்டுநரின் தவறு என்று மட்டும் இதைக் கூறுவது சரியாகாது. ஆளில்லாத இடத்தில், பெயரிடப்படாத தொட்டிகளுக்கு நடுவே, எல்லாவற்றையும் திறக்கும் ஒரு சாவியுடன் விடப்பட்டவர் சரியான தொட்டியைத் தேர்ந்திருந்தால் அதுவே தற்செயல்.

ஆட்சிசன், 2016

லோவர்மூரில் இல்லாதிருந்த பணியாளர் ஆட்சிசனில் இருந்தார், பூட்டும் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கேன்சசு மாநிலத்தைச் சேர்ந்த ஆட்சிசன் நகரில், மதுசாரமும் கோதுமை மாப்பொருள்களும் உற்பத்தி செய்யும் எம்.ஜி.பி.ஐ. ஆலைக்கு 2016 அக்டோபர் 21 காலை கந்தக அமிலம் வந்தது. ஆலைப் பணியாளர் ஓட்டுநரை இறக்கும் இடத்திற்கு அழைத்துச் சென்று, கந்தக அமிலத்திற்குரிய நிரப்புக் குழாயின் பூட்டைத் திறந்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினார். அக்குழாயிலிருந்து 18 அங்குலம் (ஏறத்தாழ 45 செ.மீ.) தள்ளி ஐப்போகுளோரைட்டுத் தொட்டியின் நிரப்புக் குழாய் இருந்தது. அதுவும் பூட்டப்படாமல் இருந்ததை இருவருமே அறிந்திருக்கவில்லை. இரண்டு குழாய்களின் தோற்றம் ஒத்திருந்தது, இணைப்புகளும் ஒத்திருந்தன, தெளிவான பெயர்ப் பலகை இல்லை. ஓட்டுநர் தமது குழாயை ஐப்போகுளோரைட்டுக் குழாயுடன் இணைத்தார்.

காலை 8 மணியளவில் பச்சை கலந்த மஞ்சள் நிறப் புகை எழுந்தது. ஏறத்தாழ 4,000 கேலன் (15,000 லிட்டர்) அமிலம் 5,850 கேலன் (22,000 லிட்டர்) ஐப்போகுளோரைட்டுடன் கலந்துவிட்டது. வெளிப்பட்ட வளிமத்தில் குளோரினும் பிற சேர்மங்களும் இருந்தன. ஓட்டுநரால் ஊர்தியின் வால்வை அணுக முடியவில்லை. கட்டுப்பாட்டு அறையின் காற்றோட்ட அமைப்பு வழியே வளிமம் உள்ளே புகுந்ததால் பணியாளர்களும் வெளியேற நேர்ந்தது. தொலைவிலிருந்து ஓட்டத்தை நிறுத்த வழி இல்லை. பாதுகாப்பு உடையணிந்த மீட்புப் பணியினர் வந்து வால்வை மூடிய பின்னரே ஓட்டம் நின்றது. அதற்குள் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கடந்திருந்தது. நகரத்தார் பல்லாயிரம் பேர் வீடுகளுக்குள்ளேயே இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். சில பகுதிகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். 140 இற்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினர். ஆலைப் பணியாளர் ஒருவரும் பொதுமக்கள் ஐவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எவரும் இறக்கவில்லை.

ஐக்கிய அமெரிக்க வேதிப் பாதுகாப்பு மற்றும் இடர் விசாரணை வாரியம் 2018 சனவரியில் இது பற்றிய அறிக்கையை வெளியிட்டது. குழாய்களின் வடிவமைப்பும் அமைவிடமும் தவறு செய்வதை எளிதாக்கியிருந்தன என்பதும், ஆலையின் எழுதப்பட்ட நடைமுறைகள் முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்பதும் அதன் முடிவுகளுள் அடங்கும்.

தவறான இணைப்பைத் தடுக்கும் வழிகள்

பலரும் முதலில் எண்ணுவது வண்ணம் பூசுவதையே. ஆனால் வண்ணத்தால் மட்டும் பயனில்லை. குழாய்களுக்கான பிரித்தானியத் தரமுறையான பி.எஸ். 1710 இல் அமிலங்களுக்கும் காரங்களுக்கும் ஒரே ஊதா நிறமே அடிப்படை நிறமாகும். அமெரிக்கத் தரமுறையில் நச்சுத்தன்மையும் அரிக்கும் தன்மையும் கொண்ட நீர்மங்கள் அனைத்திற்கும் செம்மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஒன்றோடொன்று கலக்கக்கூடாத இரண்டு பொருள்கள் ஒரே நிறத்தில் நிற்க இம்முறைகள் இடமளிக்கின்றன. ஆகவே பொருளின் பெயரும் ஐக்கிய நாடுகள் எண்ணும் குழாய் இணையும் இடத்திலேயே, ஓட்டுநரின் கண்மட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

பூட்டு இதைவிடச் சிறந்தது. ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் வெவ்வேறு சாவி இருந்து, இறக்காத நேரங்களில் எல்லாக் குழாய்களும் பூட்டியிருந்தால் மட்டுமே அது பயன்தரும். மேற்கண்ட இரு நேர்ச்சிகளிலும் பூட்டுகள் இருந்தன. முதலாவதில் ஒரே சாவி பல பூட்டுகளைத் திறந்தது. இரண்டாவதில் ஒரு பூட்டு பூட்டப்படாமல் இருந்தது.

எவருடைய கவனத்தையும் நம்பியிராத வழி, ஒவ்வொரு பொருளுக்கும் அளவிலோ வடிவிலோ வேறுபட்ட இணைப்பியை அமைப்பதாகும். அமிலக் குழாய் ஐப்போகுளோரைட்டு இணைப்பியில் பொருந்தவே பொருந்தாது எனில் தவறு நிகழ வாய்ப்பில்லை. இதன் நடைமுறைக் குறை, ஓட்டுநர்கள் வெவ்வேறு ஆலைகளுக்குச் செல்வதால் பொருத்து இணைப்பிகளைக் கையில் வைத்திருப்பதே. எதையும் எதனுடனும் இணைக்கும் அத்தகைய துண்டு ஒன்று ஊர்தியில் இருந்தால் இவ்வேற்பாடு பயனற்றுவிடும். இணைப்பு இடங்களை ஒன்றுக்கொன்று தொலைவில், இயன்றால் கட்டடத்தின் வெவ்வேறு பக்கங்களில் அமைப்பதும் நல்ல பயன் தரும்.

இணைத்த பின், வால்வைத் திறக்குமுன், ஓட்டுநரும் பணியாளரும் சேர்ந்து ஊர்தியிலிருந்து தொட்டி வரை குழாயைக் கண்ணால் தொடர்ந்து பார்த்து, இருவரும் கையொப்பமிடுவது பல இடங்களில் நடைமுறையாகும். இருவரும் இறக்கி முடியும் வரை அங்கேயே இருக்க வேண்டும். முதலில் சிறிதளவே இறக்கி, எதிர்பார்த்த தொட்டியின் மட்டம் உயர்கின்றதா என்று பார்ப்பதும் உண்டு. ஆனால் அமிலமும் ஐப்போகுளோரைட்டும் ஒரே ஆலையில் இருக்கும்போது சிறிதளவும் போதிய தீங்கு செய்யும். ஓட்டத்தை நிறுத்தும் பொத்தான் ஒன்று ஊர்தியிலிருந்து விலகிய இடத்திலும், மற்றொன்று கட்டுப்பாட்டு அறையிலும் இருத்தல் வேண்டும். தப்பிச் செல்வதற்கான மூச்சுக்கருவியை வளிமம் சூழ்ந்த பின் தேடிச் செல்ல வேண்டிய இடத்தில் வைப்பதால் பயனில்லை.

குழாயைக் கழற்றுதல்

வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் முகக்காப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைக் கழற்றுபவர்கள் காயமடைவதுண்டு. குழாயின் தாழ்ந்த வளைவுகளில் நீர்மம் தேங்கியிருக்கும்; அழுத்தமும் எஞ்சியிருக்கலாம். இரு முனைகளின் வால்வுகளையும் மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, தேங்கியதை வடித்த பிறகே இணைப்பைத் தளர்த்த வேண்டும். காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நிற்பது நன்று. ஒழுகுவதை ஏந்தும் தட்டில் செறிந்த கந்தக அமிலம் இருந்தால் அதன்மேல் சிறிதளவு நீர் ஊற்றலாகாது. பெரும் வெப்பம் உண்டாகி அமிலம் கொதித்துத் தெறிக்கும்.

அரிபொருள் உடலில் பட்டால்

அமிலமோ காரமோ, முதலுதவி நீரே. வேறொரு வேதிப்பொருளால் நடுநிலையாக்க முயன்றால் வெப்பம் உண்டாகிக் காயம் பெரிதாகும், காலமும் வீணாகும். அரிபொருள் பட்ட உடையைக் களைந்து, குறைந்தது 15 நிமிடம் இடைவிடாமல் நீரால் கழுவ வேண்டும். எரிசோடா கண்ணில் பட்டால் இதைவிட நீண்ட நேரம் கழுவுதல் தேவை. அமிலம் பட்ட இடத்தில் திசுவின் புரதங்கள் உறைந்து, மேலும் உட்புகுவதை ஓரளவு தடுக்கும். காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழமாகச் செல்லும்; தொடக்கத்தில் வலி குறைவாக இருக்கலாம் என்பதால் பாதிக்கப்பட்டவர் கழுவுவதை நிறுத்திவிடவும் கூடும்.

அவசரக் குளிப்பானும் கண்கழுவியும் இறக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 10 நொடிகளில், படி ஏறாமல், கதவு திறக்காமல், கண் தெரியாத நிலையிலும் சென்றடையக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரமுறை இந்நீரின் வெப்பநிலை 16 முதல் 38 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வெயில் மிகுந்த நாடுகளில் திறந்தவெளியில் செல்லும் இரும்புக் குழாயில் தேங்கிய நீர் நண்பகலில் இவ்வெல்லையைத் தாண்டிவிடும் என்பதால், குழாயை நிலத்தடியில் பதிப்பதோ வெப்பக்காப்பு உறையிடுவதோ தேவைப்படுகின்றது. ஊர்தி வந்ததும், எந்த வால்வையும் தொடுவதற்கு முன் குளிப்பானை ஒருமுறை திறந்து நீர் வருகின்றதா என்று பார்த்துவிட்டே பணியைத் தொடங்குவது வழக்கம்.